டகோட்டாவுக்குள் கூட்டிப்போன பெரியவருக்கு நன்றி

பழைய ராணுவச் சரக்கு விமானங்கள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். போன வாரம் விமான அருங்காட்சியகத்தில் ஒரு சி-47 டகோட்டாவின் முன்னால், தடுப்புக் கயிற்றுக்கு வெளியே, வெகுநேரம் நின்றிருந்தேன். பராமரிப்பு வேலையில் இருந்த பெரியவர் ஒருவர் அதைக் கவனித்து, "உள்ளே வந்து பாருங்களேன்" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார். சந்தோஷத்தில் அவர் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் விமானம் அது. பின்கதவிலிருந்து விமானி அறைக்குப் போவது மேடேறுவது போலத்தான். இருபுறமும் மடக்கு இருக்கைகள். தலைக்கு மேலே, பாராசூட் வீரர்கள் கொக்கி மாட்டும் கம்பிவடம். தொட்டுப் பார்க்கச் சொன்னார். சில்லென்று இருந்தது.

அப்புறம் எஞ்சின். வட்டமாக அமைந்த 14 சிலிண்டர்கள், 1,200 குதிரைத்திறன். சும்மா நிற்கும்போது கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்குமாம். அதனால் கிளப்புவதற்கு முன் புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே தண்டு வளைந்துவிடும். எப்படித் தோள்கொடுத்துச் சுற்றுவது என்று அந்த வயதிலும் நின்று காட்டினார்.

1948-ல் மேற்கு பெர்லினுக்குத் தரைவழி அடைபட்டபோது, முதல் நாட்களில் மாவும் பாலும் மருந்தும் சுமந்து போனவை இந்த டகோட்டாக்கள்தான். படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தேய்ந்த அந்தத் தரையில் நின்றபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஐயா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அடுத்த முறை வரும்போது முதலில் உங்கள் பெயரைத்தான் கேட்பேன்.