மெராப்பிக்கு ஜீப் ஏறும் முன்: மும்பைத் தமிழ்ப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கமிருந்து குழுப் பயணம் அழைத்துச் செல்லும் அன்பர்களுக்கு, வணக்கம்.

உங்கள் டிசம்பர் விடுமுறைக்கான இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுப் பயணத் திட்டத்தில் போரோபுதூர், பிரம்பானன் கோயில்களுக்கு அடுத்தபடியாக மெராப்பி எரிமலைச் சரிவில் ஜீப் சவாரி இருக்கிறது. "மலை இப்போ அமைதியாத்தான் இருக்கு, லாவா வந்தாலும் மெதுவாத்தான் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிலும் பார்த்தேன். ஹவாய் வீடியோக்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் மெராப்பி வேறு ரகம்.

மும்பை நிற்பதே எரிமலைப் பாறை மேல்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய பசால்ட் குழம்பு தோசை மாவு போல இளகி நெடுந்தூரம் பரவியது. மெராப்பியின் குழம்பில் சிலிக்கா கூடுதல், அதனால் களி போலக் கெட்டி. ஓட முடியாமல் உச்சியிலேயே மேடாகக் குவிந்துவிடும். இதுதான் லாவா குவிமாடம். மேற்புறம் ஆறிப் பாறையாகி விரிசல் விடும். உள்ளே கடும் சூடும் அடைபட்ட வாயுவும் இருக்கும். அடியிலிருந்து புதுக் குழம்பு தள்ளத் தள்ள, ஒரு கட்டத்தில் ஒரு பக்கம் பெயர்ந்து விழும். விழுகிற பாறை உடையும்போது உள்ளிருந்த வாயு சாம்பலோடு சீறி வெளியேறும். அப்புறம் கல், சாம்பல், கொதிக்கும் வாயு எல்லாம் ஒன்றாகக் கலந்து மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் இறங்கும். கரடுமுரடான அந்தப் பாதையில் எந்த ஜீப் முந்தும்? கனமான பகுதி ஆற்றுப் பள்ளத்தோடு போனாலும், மேலே வரும் சாம்பல் மேகம் கரையேறிப் பக்கத்து மேடுகளிலும் பாயும். மேட்டில் நின்று பார்த்தால் ஆபத்தில்லை என்பதும் சரியல்ல.

முக்கியமாக, இதற்கு மலை பெரிதாக வெடிக்க வேண்டியதே இல்லை. வளர்ந்த குவிமாடம் தன் பாரத்தாலேயே சரியலாம். 1994 நவம்பர் 22 அன்று மெராப்பியில் அப்படிச் சரிந்ததில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜப்பானின் உன்சென் எரிமலையில் 1991 ஜூன் 3 அன்று இதேபோலக் குவிமாடம் சரிந்து 43 பேர் பலியானார்கள். எரிமலைகளைப் படம்பிடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த மோரிஸ், காத்தியா கிராஃப்ட் தம்பதியும், எரிமலையியலாளர் ஹாரி கிளிக்கனும் அவர்களில் அடக்கம். செய்தியாளர்களை ஏற்றிவந்து காத்திருந்த டாக்ஸி ஓட்டுநர்களும்கூட.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமும் யோசிக்க வேண்டியது. டிசம்பர் ஜாவாவுக்கு மழைக்காலம். 2021 டிசம்பர் 4 அன்று, அதே தீவிலுள்ள செமெருவில் கனமழையோடு குவிமாடம் சரிந்து 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் மலைச்சரிவுக் குடிசைகளை நினைத்துக் கவலைப்படும் ஊர்க்காரர்களுக்கு மழை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் திட்டத்தில் 'செல்ஃபி பாயிண்ட்' என்று போட்டிருக்கும் மெராப்பிச் சரிவிலுள்ள கலியாதெம் பதுங்கு அறைக்குள்தான், 2006 ஜூனில் இறங்கிய சாம்பல் மேகத்துக்குத் தப்ப ஒதுங்கிய இருவர் சூட்டில் இறந்தார்கள். காட்டுங்கள், ஆனால் கதையைச் சொல்லிக் காட்டுங்கள்.

சவாரியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. இந்தோனேசிய அரசு ஒவ்வோர் எரிமலைக்கும் நான்கு எச்சரிக்கை நிலைகள் வைத்திருக்கிறது. 2020 நவம்பரில் மெராப்பியை மூன்றாம் நிலைக்கு உயர்த்தியது. எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் வரை போகக் கூடாது என்றும் அறிவிக்கிறது. கிளம்பும் வாரத்தில் அந்த நிலையையும் தூரத்தையும் குழுவில் போடுங்கள். ஜீப் வழி தடைக்குள் வந்தால் சவாரி ரத்து, பணம் வாபஸ் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். உள்ளூர் ஏஜென்ட் "நேத்துகூடப் போனோம்" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். சவாரி ரத்தானால் பிரம்பானனில் சிவன் சந்நிதியில் கூடுதலாக அரை நாள் கிடைக்கும், நம் மாமிகள் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அன்புடன்,
செம்பூரிலிருந்து ஒரு பயணி