ஒரு சரக்கின் வழியே பன்னாட்டு வணிகத்தைக் கற்பியுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேல்நிலைப் பள்ளிப் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணிகவியல் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். இத்துறைக்கு வேலை தேடி வரும் இளைஞர்களில் பலர், உலகமயமாதலின் நன்மை தீமைகளைப் பற்றி ஒரு பக்கம் தடையின்றி எழுதுகிறார்கள். உலக வணிக அமைப்பு 1995-இல் தோன்றியது என்பதையும் தயங்காமல் சொல்கிறார்கள். ஆனால், ஓர் இன்வாய்ஸையும் பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டையும் கையில் கொடுத்து, இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேட்டால் திகைத்துப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாள்களை அவர்களுக்கு யாரும் காட்டியதே இல்லை. விலை கேட்டு வரும் முதல் மின்னஞ்சலிலிருந்து பணம் வந்து சேரும் வரை ஒரே ஒரு சரக்கை மாணவர்களே தொடர்ந்து சென்று பார்க்கும்படி, மேல்நிலை வகுப்பில் ஒரு பருவத்தை ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

காப்பிக் கொட்டையை எடுத்துக்கொள்வோம். உலகச் சுங்க அமைப்பு வகுத்து, 1988 முதல் நடைமுறையில் இருக்கும், வணிகப் பொருள்களை வகைப்படுத்தும் ஆறிலக்க எச்.எஸ். குறியீட்டில், காஃபீன் நீக்காத பச்சைக் கொட்டைக்கு 090111 என்ற எண். அதையே வறுத்துவிட்டால் 090121. ஓர் இலக்கம் மாறியதால் இறக்குமதி செய்யும் நாட்டில் வரி மாறக்கூடும். கேட்கப்படும் சான்றிதழ்களும் மாறக்கூடும். தம் புத்தகப் பையில் உள்ள பொருள்களுக்குக் குறியீடு கண்டுபிடிக்கும்படி மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பேனாவும் தண்ணீர்ப் புட்டியும் எந்தெந்த அத்தியாயத்தில் வருகின்றன என்று வகுப்பே விவாதிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது விலை. சர்வதேச வர்த்தக சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகள், எந்தச் செலவும் இழப்பும் விற்பவருடையது, எது வாங்குபவருடையது என்று பிரித்துச் சொல்பவை; 2020 பதிப்பில் அவை 11 ஆக உள்ளன. பள்ளி மாணவருக்கு எல்லாம் தேவையில்லை, சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரையிலான செலவை மட்டும் விற்பவர் ஏற்கும் எஃப்.ஓ.பி., கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். ஆகிய இரண்டும் போதும். சி.ஐ.எஃப். விலையில் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே செலுத்துவதால், நடுக்கடலில் சரக்கு நனைந்தால் இழப்பும் அவருடையதே என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில், ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. வகுப்பை விற்பவர், வாங்குபவர் என இரண்டாகப் பிரித்து, நனைந்த மூட்டைகளுக்கு யார் பொறுப்பு என்று வாதிடச் செய்தால், அந்த விதியை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

எல்லாவற்றிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது எல்.சி. என்று நாங்கள் சொல்லும் கடனுறுதிக் கடிதத்துக்கு. முன்பின் பார்த்திராத இருவர் கடல் கடந்து வணிகம் செய்யும்போது, சொன்ன ஆவணங்கள் சொன்னபடி வந்தால் பணம் தருகிறேன் என்று இடையில் நின்று உறுதி தருவது வங்கி. அந்த வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணத்தை மட்டுமே பார்க்கிறது. கடனுறுதிக் கடிதங்களுக்கென 2007-இல் நடைமுறைக்கு வந்த யு.சி.பி. 600 என்னும் பன்னாட்டு விதிகளின்படி, ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாட்கள் உண்டு. கடைசி ஏற்றுமதி நாள் மே 10 என்று எல்.சி. சொல்ல, கப்பல் சரக்குச் சீட்டில் மே 12 என்றிருந்தால், காப்பி எவ்வளவு தரமாக இருந்தாலும் வங்கி பணம் தர மறுக்கலாம். பிறகு வாங்குபவர் மனமிரங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லி அவர் பேரம் பேசவும் வாய்ப்புண்டு. ஒரு தேதியில் இத்தனை பணம் தொங்குகிறது என்பதைப் பதினாறு வயதில் உணர்ந்துகொண்டவர், பின்னாளில் எந்த ஆவணத்தையும் மேலோட்டமாகப் படிக்க மாட்டார்.

அயல்மொழி கற்பதும் நல்லதே. ஆயினும், 03/04 என்று எழுதினால் ஒரு நாட்டில் மார்ச் 4, வேறொரு நாட்டில் ஏப்ரல் 3 என்று படிப்பார்கள் என்பதை அறிந்து, மாதத்தை எழுத்தில் எழுதும் பழக்கம் அதற்கு முன்பே வர வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குக் கணினிக் கூடமோ வெளிநாட்டுப் பயணமோ தேவையில்லை, அச்சிட்ட படிவங்கள் போதும். ஆனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும். சுங்க முகவர், வங்கியின் அயல்நாட்டு வணிகப் பிரிவு அலுவலர் போன்றோரைக் கொண்டு அவர்களுக்கு முதலில் வகுப்பு நடத்துங்கள். தாமே தொட்டுப் பார்க்காத ஆவணத்தைக் கற்பிக்கச் சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. தேர்வு முறையும் உடன் மாற வேண்டும். 'கடனுறுதிக் கடிதம் என்றால் என்ன?' என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக, ஓர் எல்.சி.யையும் அதற்குரிய மூன்று ஆவணங்களையும் கொடுத்து, அவற்றில் உள்ள முரண்பாடுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இதற்கு இடம் அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாதிரி ஆவணத் தொகுப்பு ஒன்றை உருவாக்க நீங்கள் முன்வந்தால், என்னைப் போன்ற பணியாளர்கள் மகிழ்ச்சியுடன் உழைப்போம்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியாளர் ஒருவர்