மலைவாழைக்கு வேண்டியது சோதித்த கன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர் மேம்பாட்டில் உயிரித் தொழில்நுட்பத்தின் பங்கு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் உயிரித் தொழில்நுட்பம் என்றாலே மரபணு மாற்றுப் பயிர்தான் என்று எடுத்துக்கொண்டு, வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் வாதிட்டிருந்தனர். நான் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே, காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே மலைவாழை வைத்திருக்கும் சிறு விவசாயி. எங்கள் தோட்டங்களைக் காப்பாற்றக்கூடிய உயிரித் தொழில்நுட்பம் அந்த வாதத்துக்குள் வரவே இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரு மலைவாழைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. 2019இல் அதே குறியீட்டைப் பெற்ற பழனி பஞ்சாமிர்தம், தண்ணீர் சேர்க்காமல் பல நாள் கெடாமல் இருப்பதற்கு, நீர்ச்சத்து குறைந்த இந்தப் பழமும் ஒரு காரணம். ஆனால் பழனி மலையடிவாரத்தில் கை நீட்டிப் பஞ்சாமிர்தம் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, மேலே பன்றிமலை, ஆடலூர், பாச்சலூர், பண்ணைக்காடு பகுதிகளில் அந்த வாழை எப்படிச் சுருங்கிப்போனது என்பது தெரியும்? என் தகப்பனார் காலத்தில், ஒருமுறை நட்ட தூர் இருபது, முப்பது ஆண்டுகள் அதே இடத்தில் நின்று தார் கொடுத்துக்கொண்டே இருந்தது. முடிக்கொத்து நோய் மலையேறிய பிறகு அந்த நிலை போய்விட்டது.

இந்நோய் 1940ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்ததாகக் கூறுவர். நச்சுயிரி (வைரஸ்) புகுந்த வாழையின் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் முதலில் தெரியும். பின்பு வரும் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இளமையில் தாக்கப்பட்ட மரம் குலை தள்ளாது. நோயை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுசெல்வது வாழை அசுவினி என்னும், சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. ஆனால் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுசென்றவர்கள் நாம்தான். பார்வைக்குக் குறையில்லாத பக்கக்கன்றைப் பெயர்த்து, உறவினர் தோட்டத்துக்கு அன்பாகக் கொடுத்தனுப்பினோம். உள்ளே இருந்த நச்சுயிரி வெளியே தெரிவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. ஒரே கிழங்கிலிருந்து கிளைப்பதால் ஒரு தூரில் ஒன்று நோயுற்றால் மற்றவையும் தப்புவதில்லை. இந்த நோயை முழுமையாக எதிர்த்து நிற்கும் வாழை ரகம் இதுவரை பயிரிடக் கிடைக்கவில்லை. விருப்பாட்சியோ மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட, விதை கட்டாத வாழை. நெல்லிலும் சோளத்திலும் செய்வதுபோல் இரண்டு ரகங்களைக் கலந்து எதிர்ப்புத் திறனை ஏற்றுவது இதில் மிகக் கடினம்.

ஆகவே எங்களுக்குத் திறந்திருக்கும் வழி, நோயில்லாத கன்றிலிருந்து தொடங்குவதுதான். 1952இல் பிரான்சில் மோரெல், மார்ட்டின் என்னும் இரு ஆய்வாளர்கள், நச்சுயிரி தாக்கிய டாலியாச் செடியின் வளர்நுனியை மட்டும் வெட்டியெடுத்து வளர்த்து நோயற்ற செடியைப் பெற்றனர். வளர்நுனியில் திசுக்கள் வேகமாகப் பெருகுவதாலும், சாற்றைக் கடத்தும் குழாய்கள் அங்கே இன்னும் உருவாகாததாலும் நச்சுயிரி பெரும்பாலும் அந்த நுனிவரை எட்டுவதில்லை. இதே அறிவுதான் இன்று திசு வளர்ப்பு வாழையாக நம் ஊர்வரை வந்திருக்கிறது. இதில் வெளியிலிருந்து எந்த மரபணுவும் செலுத்தப்படுவதில்லை. விருப்பாட்சி விருப்பாட்சியாகவே இருக்கிறது. மரபணு மாற்றத்துக்கு அஞ்சித் திசு வளர்ப்புக் கன்றையே ஒதுக்கும் நண்பர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே சமயம், திசு வளர்ப்பு என்ற சொல்லே நோயின்மைக்கு உறுதி ஆகிவிடாது. மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்நுனியை எடுப்பது ஒன்று. அதைச் சுற்றியுள்ள குருத்தையும் சேர்த்துச் சற்றுப் பெரிதாக வெட்டி வேகமாகப் பெருக்குவது வேறு. பின்னதில் நச்சுயிரியும் உடன் வரலாம். பக்கக்கன்றில் ஒரு தவறு நேர்ந்தால் ஒரு குழிதான் கெடும். ஆய்வகத்தில் ஒரு தாய்க்கன்று நோயோடு நுழைந்துவிட்டால் அதிலிருந்து பெருகும் ஆயிரக்கணக்கான கன்றுகளும் நோயோடுதான் வெளியே வரும். அதனால்தான் தாய்மரத்தையும் கன்றுகளையும் நச்சுயிரியின் புரதத்தைக் கண்டறியும் எலைசா முறையிலோ, அதன் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். முறையிலோ சோதிப்பது கட்டாயமாகிறது. கொரோனா காலத்தில் குக்கிராமம்வரை அறிந்த அதே பி.சி.ஆர். தான். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை 2006இல் ஏற்படுத்தியிருக்கிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சியில் இயங்குகிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் தடியன்குடிசையிலேயே இருக்கிறது. அறிவும் ஆளும் இவ்வளவு அருகில் இருந்தும், சான்றில்லாத கன்று மலைக்கு வருவது நிற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் உள்ள ஒரு நாற்றங்காலில் முந்நூறு கன்றுகள் வாங்கினேன். சான்று அட்டை கேட்டபோது, எல்லாம் லேப் கன்றுதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். அந்த வார்த்தையை நம்பியது என் தவறு. நட்ட ஐந்தாம் மாதத்துக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட கன்றுகளில் காம்புக் கோடு தெரிந்தது. மிச்சத்தில் பல, வெயில் நிலத்தில் பழகியவை என்பதால், மலைப் பனியிலும் குளிரிலும் தேறவில்லை. கன்றின் விலையைவிட, அந்த அறுபதிலிருந்து அசுவினி பறந்து பக்கத்துத் தோட்டத்துப் பழைய தூர்களுக்கும் நோயைக் கொண்டுபோனதுதான் இன்றும் என்னை வருத்துகிறது. அந்தத் தோட்டக்காரர் என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

மரபணு வழிகளையும் நான் வெறுக்கவில்லை. பூஞ்சையால் வாழைக்கு வரும் பனாமா வாடல் நோயின் புதிய வடிவத்தை எதிர்க்க, காட்டு வாழையிலிருந்து எடுத்த மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய கேவண்டிஷ் வாழைக்கு ஆஸ்திரேலியா 2024இல் அனுமதி அளித்தது. நம் விருப்பாட்சியிலேயே முடிக்கொத்து நச்சுயிரியை எதிர்க்கும் முயற்சியைக் கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவை தொடரட்டும். ஆனால் அது ஆய்வகத்திலிருந்து அனுமதி பெற்று எங்கள் குழிக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, அதுவரை இருக்கும் தூர்கள் காத்திருக்க மாட்டா. காத்திருந்து வந்தாலும் அந்தக் கன்றும் திசு வளர்ப்பு வழியாகவும் சோதனை வழியாகவும்தான் வர வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. மலையேறும் ஒவ்வொரு தொகுதிக் கன்றுக்கும் சோதனைச் சான்று உண்டா என்று அடிவாரத்திலேயே பார்க்கும் ஏற்பாடு வேண்டும். ஆய்வகத்திலிருந்து வரும் கன்றுகளைப் பழக்கப்படுத்தும் நிழல்வலைக் கூடங்கள் சமவெளியில் இல்லாமல் இங்கேயே, எங்கள் உயரத்திலேயே அமைய வேண்டும். சந்தேகப்படும் இலையை விவசாயி கொண்டுபோய்க் கொடுத்தால் சில நாட்களில் விடை கிடைக்கும் வசதி தடியன்குடிசையில் வேண்டும். இவற்றோடு, நோயுற்ற தூர்களை ஒரு பகுதி முழுவதும் ஒரே வாரத்தில் அகற்ற வேண்டும்; முதலில் அசுவினியைக் கொன்றுவிட்டு, அதன் பிறகு கிழங்கோடு தோண்ட வேண்டும். மரத்தை மட்டும் சாய்த்தால் அசுவினி பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும். ஒருவர் அகற்றி மற்றவர் விட்டுவைத்தாலும் பயனில்லை. தூரை இழப்பவருக்கு மாற்றுக் கன்று இலவசமாகக் கிடைத்தால்தான் அவர் மண்வெட்டியை எடுப்பார்.

தாய்மரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். சமவெளித் தோட்டத்தில் வளர்ந்த மரத்தைவிட, இம்மலையிலேயே இத்தனை ஆண்டுகள் நோய்க்கு நடுவில் நின்று, நல்ல தார் கொடுத்துவரும் தூர்களைத் தேடி, சோதித்து, அவற்றிலிருந்து வளர்நுனி எடுப்பதே முறை. எங்கள் மேல்காட்டில், ஓடைக்கு அப்பால், என் தகப்பனார் வைத்த பதினோரு தூர்கள் இன்றும் கோடு விழாத காம்போடு நிற்கின்றன. சித்திரை மழை விழுவதற்குள் ஆய்வு நிலையத்திலிருந்து எவரேனும் இலை மாதிரி எடுக்க வந்தால், அந்த ஏற்றத்தில் வழிகாட்ட நானே உடன் வருவேன்.

தங்கள் உண்மையுள்ள,
மலைவாழை விவசாயி ஒருவர்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.