முதலில் வைஃபை சிப், பிறகு டெஸ்க்டாப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அந்தக் கணினிகளைப் பழைய இரும்புக்குப் போடாமல், விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸைப் போட்டுக்கொள்வது நல்ல முடிவு. ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது எந்த டெஸ்க்டாப் (லினக்ஸின் திரைத் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் மென்பொருள்), க்னோமா, சின்னமனா, எக்ஸ்எஃப்சிஇயா என்றுதான். டெஸ்க்டாப்பை நினைத்த நாளில் மாற்றலாம். முதலில் பார்க்க வேண்டியது வன்பொருளை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்து லைவாகவே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒலி, கேமரா, வைஃபை மூன்றும் வேலை செய்கின்றனவா? மூடியைச் சாத்தித் திறந்தால் திரை உயிர்பெறுகிறதா?

வைஃபை பட்டியலே வரவில்லை என்றால் பல நேரங்களில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்தான் காரணம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சும் சாளரம்) 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளை கொடுத்தால் சிப்பின் பெயர் தெரியும். கைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும்; லினக்ஸை நிறுவிய பின் டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரைப் போடலாம். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அப்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுமுறை பூட் ஆகும்போது நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே'யை (Enroll MOK: கணினி உரிமையாளரின் சாவியைப் பதிவுசெய்தல்) தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பலர் பதற்றத்தில் 'கன்டின்யூ பூட்'டை அழுத்திவிடுகிறார்கள். டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் அந்தச் சாவி பதிவாகாததால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிரைவரை ஏற்க மறுக்கிறது; பழி லினக்ஸ் மேல் விழுகிறது.

ரியல்டெக் 8723பிஇ சிப்பில் வேறு தொல்லை. ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் சிக்னல் ஒரு கோடுதான். சில மடிக்கணினிகளில் ஒரே ஆன்டெனாதான் பொருத்தியிருக்கிறார்கள். டிரைவரோ ஆன்டெனா இல்லாத முனையில் தேடிக்கொண்டிருக்கும். டிரைவரில் ஆன்டெனா முனையைத் தேர்ந்தெடுக்கும் 'ஆன்ட் செல்' (ant_sel) அமைப்பை 2 என்று மாற்றினால் சரியாகும். சில மாடல்களுக்கு 1.

நம் ஊர்க் கடைகளில் இன்றும் உழைக்கும் எச்பி லேசர்ஜெட் 1020 பிரின்டர், தன்னை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். லினக்ஸுக்கான எச்பியின் பிரின்டர் மென்பொருளான எச்பிலிப்போடு (HPLIP) அதன் பிளகினையும் சேர்த்துப் போடாவிட்டால் ஒரு தாள்கூட வராது.

இவை சரியென்றால் டெஸ்க்டாப்புக்கு வரலாம். 4 ஜிபி ராம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி இருந்தால் பிடித்தது எதுவும். ஹார்டுடிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த டெஸ்க்டாப்பும் தராது. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சுவோர், பிறமொழி உள்ளீட்டுக்கான ஐபஸ் (IBus) மென்பொருளுடன், தமிழ்99 அமைப்பைத் தரும் எம்17என் (m17n) தொகுப்பையும் நிறுவுங்கள். க்னோமில் ஐபஸ் உள்ளேயே இணைந்திருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇயில் அதை உள்ளீட்டு முறையாகத் தேர்ந்து, லாக்அவுட் செய்து மீண்டும் நுழைந்தால்தான் தமிழ் வரும்.

பழைய மடிக்கணினி விற்போர் ராம், டிஸ்க் அளவோடு வைஃபை சிப்பின் பெயரையும் சீட்டில் எழுதி ஒட்டினால் வாங்குவோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி