பேசுவது பாத்திரமா, எழுத்தாளரா?

ஆசிரியருக்கு,

நெல்லைப் பக்கத்துப் பட்டிமன்றங்களில் 'பொம்பளை புத்தி' என்று கதையில் எவனோ ஒருவன் சொன்னதை உருவி, எழுதியவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஒன்றிரண்டு சொல்லில்தான். 'பொம்பளைன்னா அடங்கிக் கிடக்கணும் என்று நினைத்தான்' என்பதில் கடைசி இரண்டு சொல்லை வெட்டினால், அவன் நினைப்பு கதையின் தீர்ப்பாகிவிடும். 'அவளுக்குத் திமிராம்' என்பதில் அந்த 'ஆம்' ஊர்வாய்; அதையும் விழுங்கக் கூடாது.

இந்த அடையாளம் எதுவும் இல்லாத இடம்தான் சிக்கல். முன்னும் பின்னும் இரண்டு பத்தி படித்து, அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' (1943) கதையில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன் என்று அறிந்ததும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். விளக்கவுரை வேண்டுமா என்ன?

பெண்ணுக்கு வாயே இல்லை, சம்பவமும் அப்படிப் பேசுகிறவனை மறுக்கவில்லை, வர்ணனையும் அவன் கண்ணாலேயே நடக்கிறது என்றால் மட்டும் 'அது பாத்திரத்தின் கருத்து' என்ற சாக்கை ஏற்க வேண்டாம்.

வினாத்தாளில் மேற்கோள் தருபவர்கள், பேசுபவர் பெயரையும் அடுத்து வரும் பதிலையும் சேர்த்தே அச்சிடலாம். இரண்டு வரிதான் கூடும்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை