நிறம் பிலிமுடையதா, ஸ்கேனருடையதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கலர் பிலிமில் எடுத்த படங்களை இணையக் காட்சியகங்களில் ஏற்றும் இளைஞர்கள் பெருகியிருப்பது மகிழ்ச்சி. 'இதுதான் இந்த பிலிமின் நிறம்' என்று பலர் படத்தின் கீழே எழுதுகிறார்கள். அது முழு உண்மையல்ல. திரையில் தெரியும் நிறத்தில் பெரும்பங்கு ஸ்கேனர் தீர்மானித்தது.

கலர் நெகட்டிவின், அதாவது நிறங்கள் தலைகீழாகப் பதிந்திருக்கும் கழுவிய பிலிமின், அடித்தளம் ஆரஞ்சு. பிலிமிலுள்ள மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சியான் (பச்சை கலந்த நீலம்) சாயங்களின் குறையை ஈடுகட்டத் தயாரிப்பிலேயே சேர்க்கப்படுவது அது. நெகட்டிவின் நிறங்களை அப்படியே திருப்பிப் பாசிட்டிவாக மாற்றினால் படம் முழுக்க நீலம் படியும். ஸ்கேனர் மென்பொருள் அதை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஊகித்து நீக்குகிறது. மாலை வெயிலின் மஞ்சளும் பிழையென்று கருதப்பட்டுக் கூடவே போய்விடும். ஒரே ரோலில், ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்கள் இருவேறு நிறமாக வருவது இதனால்தான். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, இரு படங்களுக்கு நடுவிலுள்ள வெற்றுப் பட்டையில் ஆரஞ்சை அளந்து, அதே அமைப்பை ரோல் முழுவதற்கும் வையுங்கள்.

35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 36×24 மி.மீ. அங்குலத்துக்கு 3200 புள்ளிகளில் ஸ்கேன் செய்தால் சுமார் 4500×3000 பிக்சல் கிடைக்கும். நிற விவரம் அதிகம் தாங்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பில் திருத்தங்களை முடித்து, கடைசியில் இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற அமைப்பில் ஜேபெக்காக (JPEG) மாற்றுங்கள். காட்சியகத்துக்கு நீளப்பக்கம் 2048 பிக்சல் போதும். பிலிம் ஓரத்திலுள்ள எழுத்து நேராகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் படம் இடவலம் மாறியிருக்கிறது.

நிழல் பகுதி பச்சையடித்துப் புள்ளி புள்ளியாக இருந்தால் பிலிமைப் பழிக்க வேண்டாம். பெரும்பாலும் வெளிச்சம் போதாமல் எடுத்ததுதான் காரணம். கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறையான சி-41-இல் வீட்டில் கழுவுவோர், படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரில் பிலிமை 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி வைக்க வேண்டும். சூடு குறைந்தால் பிலிமின் மூன்று நிற அடுக்குகளிலும் படம் ஒரே சீராக உருவாகாது. வெளிச்சப் பகுதி ஒரு நிறத்துக்கும் நிழல் வேறு நிறத்துக்கும் சாயும். ஸ்கேனில் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

ஆகவே படத்தின் கீழே பிலிம் பெயரோடு நிறுத்தாமல், எந்த ஐ.எஸ்.ஓ.வில் (ஒளியுணர்திறன் அளவில்) எடுத்தது, காலாவதியானதா, யார் கழுவியது, எதில் ஸ்கேன் செய்தது, என்ன திருத்தியது என்பதையும் எழுதுங்கள். புதிதாகப் பழகுவோர்க்கு அந்த இரண்டு வரியே பாடம்.

இன்னொன்று: ஸ்கேன் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டதென்று நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கி, பாலிப்ரொப்பிலீன் உறையில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பிலிமைக் கெடுக்கும்.

– ஒரு வாசகர், மதுரை