பீரோ சாவியை அனுப்பி வையுங்கள்
நூலகங்களுக்குப் பொறுப்பான பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய எங்கள் ஊர் கிளை நூலகத்தில் சிறுவர் புத்தகங்களோடு பூட்டியே கிடக்கிற கண்ணாடி பீரோ விஷயமாகத்தான் இந்த மடலும். இதற்கு முன் 2 மனு எழுதினேன். ஒரு தடவை நேரிலும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே அந்தப் பீரோ எப்படி வந்தது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை எத்தனை பெட்டி புத்தகம் அனுப்பினார், திறப்பு விழாவில் யார் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதது போன சனிக்கிழமை நடந்தது.

என் பேத்தி 5ஆம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமை என்றால் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். நான் பேப்பர் படித்து முடிக்கும் வரை அவள் அந்தப் பீரோ முன்னால்தான் நிற்பாள். எதிர் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிப்பதால் உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. அதனால் இரண்டு கையையும் கண்ணோரமாகக் குவித்து, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்ப்பாள். அவள் உயரத்துக்கு அந்தக் கண்ணாடியில் ஒரு மூக்குத் தடம் எப்போதும் இருக்கும். போன சனிக்கிழமை நூலகர் அம்மா ஒரு துணியை நனைத்துக் கொண்டுவந்து அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டு, "தொடாதே பாப்பா, திங்கக்கிழமை மேலேருந்து பாக்க வராங்க" என்றார்.

"தொடலையே ஆன்ட்டி, பாத்துகினுதானே கீறேன்" என்றாள் பிள்ளை.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பீரோ சாவி அவரிடம் இல்லை. கணக்கெடுப்பு முடியட்டும் என்று சொல்லி, வந்த மாதமே உங்கள் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "ஒரு புக்கு தொலைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க அண்ணா, எனக்கு வர்றதே தொகுப்பூதியம்" என்கிறார். புத்தகம் கிழிந்தால் நூலகர் பணம் கட்ட வேண்டும் என்று வைத்தால் எந்த நூலகர் புத்தகத்தை வெளியே கொடுப்பார்? டயர் தேய்ந்தால் டிரைவர் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு பஸ்ஸையும் டெப்போவை விட்டு வெளியே எடுத்திருக்க மாட்டோம்.

நான் 28 வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே போய் வந்த தூரத்தைக் கூட்டினால் உலகத்தைச் சில தடவை சுற்றியிருப்பேன். ஆனால் பார்த்தது அந்த ஒரே ரோடுதான். பீரோவில் இருக்கும் புத்தகங்களைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பட்டியலை டைப் அடித்துக் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டியிருக்கிறீர்களே, அதற்கு நன்றி. டிரிப் ஷீட் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு பெயராக நோட்டில் எழுதிக்கொண்டுபோய், பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகனிடம் போனில் கேட்டேன். எல்லாம் உலகத்துப் பிள்ளைகள் படிக்கிற பயணக் கதைகளாம்.

இரண்டாவது தட்டில் ஒரு புத்தகம் அட்டை தெரிய நிற்கிறது. வேறொரு தடிப் புத்தகம் அதில் பாதியை மறைத்துக்கொண்டிருக்கிறது. "தாத்தா, வாத்து மேல ஒரு பையன் குந்திகினு போறான், வாத்துக்குத் தலையைக் காணோம்" என்று பேத்தி முதல் நாள் கேட்டது அந்த அட்டையைப் பார்த்துத்தான்.

அது ஸ்வீடன் நாட்டுக் கதை. அங்கே பள்ளிப் பிள்ளைகள் சொந்த நாட்டின் பூகோளத்தைப் படிக்க ஒரு பாடப் புத்தகம் வேண்டும் என்று ஆசிரியர் சங்கத்தார் செல்மா லாகர்லாவ் என்கிற எழுத்தாளரைக் கேட்டார்கள். அந்த அம்மாவும் முன்பு டீச்சராக இருந்தவர். மலை, ஆறு, மாவட்டம் என்று வரிசையாக எழுதாமல், நீல்ஸ் என்றொரு போக்கிரிப் பையனை உண்டாக்கினார். வீட்டுக் குட்டிப் பூதத்தைச் சீண்டியதால் அவன் விரல் அளவு சிறுத்துப் போகிறான். காட்டு வாத்துகள் கூட்டமாக வடக்கே பறப்பதைப் பார்த்து வீட்டு வெள்ளை வாத்தும் றெக்கையடித்துக் கிளம்ப, அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தவன் அப்படியே மேலே போய்விடுகிறான். தெற்குக் கோடி ஸ்கோனேயிலிருந்து வடக்கே லாப்லாந்து வரை முழு நாட்டையும் வாத்து முதுகிலிருந்தே பார்க்கிறான். 1906, 1907 என்று இரண்டு பாகமாக வந்தது. 1909இல் அந்த அம்மாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலக்கியத்துக்கு அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

காட்டு வாத்துக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு கிழட்டு வாத்து. அதன் பெயர் அக்கா. நான் கட்டிவிட்ட கதை இல்லை, அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரே அக்காதான். இதைச் சொன்னதும் பேத்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "வாத்துக்கு அக்கான்னு பேரா தாத்தா, அப்ப அது தமிழ் வாத்தா?" நாரையைக் கூப்பிட்டு, ஊருக்குப் போய் என் வறுமையைப் பெண்டாட்டியிடம் சொல் என்று பாடிய சத்திமுத்தப் புலவரின் மொழி அல்லவா, அவளுக்கு அது அதிசயமாகவே படவில்லை.

நோட்டு எண்ணியே தேய்ந்த கை என்பதால் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஸ்வீடனில் முன்பு புழங்கிய 20 குரோனா நோட்டில் ஒரு பக்கம் லாகர்லாவ் முகம், மறுபக்கம் வாத்து முதுகில் அந்தப் பையன். 2015இல் புது நோட்டு அடித்தபோது அந்த இடத்தை ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் என்ற இன்னொரு சிறுவர் கதை எழுத்தாளருக்குக் கொடுத்தார்கள். அங்கே கடையில் கொடுத்து வாங்குகிற படத்தை இங்கே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

பட்டியலில் 80 நாளில் உலகத்தைச் சுற்றி வருகிற ஜூல்ஸ் வெர்னின் பிரெஞ்சுக் கதையும் இருக்கிறது. அதன் நாயகன் பம்பாயில் ரயில் ஏறுகிறான். கல்கத்தா வரை பாதை திறந்தாயிற்று என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள். நடுவழியில் போய்ப் பார்த்தால் தண்டவாளம் அப்படியே நின்றுபோயிருக்கிறது. இங்கிருந்து அலகாபாத் போக அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள். அவன் பணக்காரன், யானை வாங்கிப் போய்விட்டான். "சிறுவர் பகுதி திறப்பு" என்று எங்கள் நூலகத்தைப் பற்றியும் பேப்பரில் படத்தோடு வந்தது. திறப்பு என்றால் ரிப்பனை வெட்டுவது மட்டும்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. யானை வாங்கவும் வசதியில்லை.

"இங்கிலீஷ் புத்தகம், உங்க பிள்ளைங்களுக்கு எங்கே புரியப் போகுது" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஆனால் அதே பட்டியலில் மிட்சுமாசா அன்னோ என்ற ஜப்பான்காரர் 1977இல் போட்ட படப் புத்தகமும் இருக்கிறது. ஓர் ஆள் படகில் கரை சேர்ந்து, ஒரு குதிரை வாங்கிக்கொண்டு, ஐரோப்பாவின் கிராமம், சந்தை, பட்டணம் எல்லாவற்றையும் கடந்து போகிறான். கதை நெடுக ஒரு சொல் கிடையாது. வெறும் படம். சொல்லே இல்லாத புத்தகம் எந்த மொழியில் புரியாமல் போகும்? மற்றவற்றைச் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து தமிழில் சொல்ல எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் சம்பளம் கேட்காமல் தயாராக இருக்கிறார். அவருக்கு வேண்டியதும் சாவி மட்டும்தான்.

பயணம் எங்கள் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத்தான் வந்தது. இன்றைக்கும் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வருகிறவர்களைப் பாருங்கள். வங்காளம், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். லாட்ஜ், மெஸ் போர்டெல்லாம் வங்காளியில் இருக்கிறது. "கொத்தாய் ஜாபேன்?" (எங்கே போகணும்?) என்று கேட்டு டிக்கெட் கிழிக்க நானே கற்றுக்கொண்டேன். இவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், அவர்கள் ஊர் எப்படி இருக்கும், அங்கே பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று பேத்தி கேட்கிறாள். எனக்கு ஸ்டேஜ் தெரியும், கட்டணம் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். நூலக வரி, வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948 நூலகச் சட்டத்தில் வந்த வரி. ஒரு வருஷமும் பாக்கி வைத்ததில்லை. அந்தக் காசில் வாங்கியவை என்று எங்கள் நூலகத்தில் இருப்பவை போட்டித் தேர்வு கைடுகள் 4 அலமாரி, சமையல் குறிப்பு, வாஸ்து, 30 நாளில் கோடீஸ்வரர் ஆவது எப்படி. சிறுவர் தட்டில் பொன்மொழிகள். ஃபேன் 2 இருக்கிறது, ஒன்று சுற்றும். கழிப்பறைக்கும் பூட்டு, ஆனால் அதன் சாவி நூலகர் அம்மாவிடமே இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பீரோவுக்கு நேர் மேலே சுவரில், இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்கிற எஸ்.ஆர். ரங்கநாதன் படம் மாட்டியிருக்கிறீர்கள். 1931இல் நூலகங்களுக்கென்று அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அப்போது புத்தகம் வாசகனைத் தேடி வண்டி கட்டிப் போயிருக்கிறது. இப்போது வாசகி வந்து நிற்கிறாள், இடையில் ஒரு கண்ணாடி.

சரஸ்வதி பூஜைக்குப் பீரோவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பூட்டுக்கும் ஒரு பொட்டு. அன்றைக்கு ஒரு நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது வழக்கம், சரி. எங்கள் ஊர் நூலகத்தில் 365 நாளும் சரஸ்வதி பூஜைதான்.

திங்கட்கிழமை உங்கள் தரப்பில் வந்தவர் பீரோ முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "நல்லா மெயின்டெயின் பண்றீங்க" என்று பாராட்டினாராம். உண்மைதான், ஒரு தடம்கூட இல்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடக் குறைய எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே ஒன்று: பீரோவைத் திறந்து, அந்தப் புத்தகங்களை உறுப்பினர் அட்டைக்கு இரவல் கொடுக்க உத்தரவு போடுங்கள். தொலைந்தால் நூலகர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்றால் சனிக்கிழமை 2 மணி நேரமாவது மேசையில் எடுத்து வைக்கட்டும். கிழிந்தால் ஒட்டித் தருகிறேன், டிக்கெட் புத்தகம் ஒட்டிப் பழகிய கைதான்.

சாவியைத் தபாலில் அனுப்ப விதி இடம் தராவிட்டால் எந்த மேசை, எந்த டிராயர் என்று மட்டும் சொல்லுங்கள். முதல் பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். முழுப் பரீட்சை லீவுக்கு முன்னால் கிடைத்தால் உபகாரமாக இருக்கும். பேத்தி அந்த வாத்தை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். தலை இருக்க வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
கிளை நூலக உறுப்பினர்